டியூபாவை ஏற்றிக்கொண்டு போன படகு

ஒரு கதை ஒருவர் வாயை விட்டு வெளியே போய், முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்ட பிறகு, அதைத் திரும்ப வாங்க முடியுமா? அவளோடு ஊர் சுற்றிப் பார்த்துப் பழக்கமான என்னிடம் எடெல்ட்ரௌட் ஹாஸ்லிங்கர் கேட்ட கேள்வி இது.

ஜெர்மனியின் பாஸாவ் ஊரில் அவளை யாரும் அந்த முழுப்பெயரால் கூப்பிடுவதில்லை. ட்ரௌடி என்றால் கப்பல் துறையில் கயிறு கட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அறுபதை நெருங்கும் வயது. குட்டை முடி, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே நீல மேல்சட்டை, தேய்ந்தாலும் மாற்றாத கனத்த காலணி. டான்யூப் நதியில் வரும் உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. கப்பலில் வருகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துவிடுவார்கள். கூட்டத்துக்கு ஓர் எண். அந்த எண்ணை எழுதிய வட்ட அட்டையைக் குச்சியில் செருகி வழிகாட்டி தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதை எல்லோரும் லாலிபாப் என்றுதான் சொல்வார்கள். வழிகாட்டியின் சட்டையில் ஒரு சின்ன மைக், பயணிகளின் காதில் ஒரு கருவி. இரைந்து பேசத் தேவையில்லை. ஐம்பதடி தள்ளி நின்று ஐஸ்கிரீம் வாங்குகிறவருக்கும் பேச்சு காதோரமாகக் கேட்கும்.

ட்ரௌடி தன் வேலையில் கொஞ்சம் கறார். நகரமன்றக் கோபுரத்தின் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளமும் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு ஆண்டு எழுதியிருப்பார்கள். அந்தச் சுவர் முன்னால் நின்று பேசும்போது அவள் சிரிக்க மாட்டாள், சிரிக்கவும் விடமாட்டாள். "இது தண்ணி நின்ன இடம் இல்ல. மனுசங்க நின்ன இடம்" என்பாள். கூட்டம் அமைதியாகிவிடும்.

அவளுடைய உயிர்த்தோழி ரோஸ்வித்தா அப்படியே நேர்மாறு. இரண்டு பேரும் ஒரே ஆண்டில் வழிகாட்டித் தேர்வு எழுதினார்கள். ட்ரௌடிதான் ராத்திரி பகல் என்று உட்கார்ந்து படித்தவள். ரோஸ்வித்தா அவளிடம் கேட்டுக் கேட்டே தேறிவிட்டாள். ஆனால் கூட்டத்தை மயக்குவதில் ரோஸ்வித்தாவை மிஞ்ச ஆளில்லை. ஆயர் எத்தனை மதுக்கடை நடத்தினார், எந்தத் துறவி எந்தச் சுவரேறிக் குதித்தார் என்று அவள் சொன்னால், கோபுர மணியும் கொஞ்சம் நின்று கேட்கும் போலிருக்கும்.

ட்ரௌடியின் வீடு நகரமன்றத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், முதல் மாடியில். பச்சை மரக்கதவு வைத்த ஜன்னல், ஜன்னலில் சிவப்பு ஜெரேனியம். இரண்டு கோடைக்காலமாக அந்த ஜன்னலுக்கு ஒரு விசேஷம் வந்திருந்தது. விடுமுறை நாளில் அவள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கீழே சந்தில் போகும் கூட்டத்தார் நிமிர்ந்து பார்த்துக் கையசைப்பார்கள். சிலர் படம் எடுப்பார்கள். ஒரு பாட்டி முத்தம்கூடப் பறக்கவிட்டாள். ட்ரௌடிக்கு வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். பூவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் கையசைப்பாள்.

"என்னமோ தெரியல ரோஸ்வித்தா, ஊர்ல இத்தன ஜன்னல் இருக்கு, என் ஜன்னலப் பாத்துத்தான் எல்லாரும் கை காட்டுறாங்க" என்று ஒரு நாள் சொன்னாள்.

"உன் பூவப் பாத்துக் காட்டுறாங்கடி. நடுவுல உன் மூஞ்சி மறைக்குது, அதையும் பாவம் பொறுத்துக்கிறாங்க" என்றாள் ரோஸ்வித்தா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதெல்லாம் போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையோடு முடிந்தது.

அன்றைக்கு இரண்டு பெரிய கப்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. இரண்டு கப்பலிலும் நான்காம் எண் கூட்டம் இருந்தது. ஒன்று ட்ரௌடிக்கு, மற்றது ரோஸ்வித்தாவுக்கு. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே எண் என்றால் கருவியின் அலைவரிசையும் ஒரே அலைவரிசையாகிவிடும். ஒருவர் பேச்சு மற்றவர் கூட்டத்தின் காதில் போய் விழும். அதனால் வழிகாட்டிகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு. சதுக்கத்துக்குள் நுழைந்ததும் லாலிபாப்பைத் தாழ்த்தி, மறு கையால் விரல்களை விரித்துத் தன் அலைவரிசையைக் காட்ட வேண்டும். ஒரே எண் என்றால் பிந்தி வந்தவர் மாற்றிக்கொள்வார். ட்ரௌடி நான்கு விரலைக் காட்டினாள். சதுக்கத்தில் வேறு யாரும் நான்கு காட்டவில்லை. ரோஸ்வித்தா சதுக்கத்துக்கே வராமல், நேராகப் பின் சந்துக்குள் கூட்டத்தை அழைத்துப் போயிருந்தது அவளுக்குத் தெரியாது.

ட்ரௌடி வெள்ளச் சுவர் முன்னால் நின்று பேச ஆரம்பித்தாள். முன்வரிசை அமைதியாகக் கேட்டது. பின்வரிசையில், சந்து முனையை ஒட்டி நின்றவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

அவள் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். "அந்த வெள்ளத்துல தண்ணி இந்தக் கோடு வரைக்கும்..." பின்வரிசை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஒஹாயோவிலிருந்து வந்த டுவேன் என்ற தடித்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா, மன்னிக்கணும். என் காதுல நீங்க இல்ல, வேற ஒரு அம்மா பேசுறாங்க. பொண்டாட்டிய விட்டுட்டு டியூபான்னு ஒரு பெரிய ஊதுற வாத்தியத்தத் தூக்கிட்டுப் போனவன் கதை. நீங்களும் கேளுங்க, வயிறு வலிக்கும்" என்று தன் கருவியைக் கழற்றி நீட்டினார்.

அலைவரிசை இடிக்கிறது என்று ட்ரௌடிக்கு உடனே புரிந்துவிட்டது. யாருடைய குரல் என்று தெரிந்தால் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாமே என்றுதான் அதை வாங்கிக் காதில் வைத்தாள்.

ரோஸ்வித்தாவின் குரல். அதே ஏற்ற இறக்கம், சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னால் அதே சின்ன நிறுத்தம்.

"...தண்ணி முதல் மாடி ஜன்னல் வரைக்கும் வந்துருச்சு. பொண்டாட்டி ஜன்னல்ல நின்னு அலறுறா. புருசன் படகுல வர்றான். படகுல ஒரே ஒரு இடம். 'என்னக் கூட்டிட்டுப் போ, என்னக் கூட்டிட்டுப் போ'ங்கிறா. அவன் என்ன பண்ணான் தெரியுமா? உள்ள கைய விட்டு டியூபாவத் தூக்கிப் படகுல வச்சுக்கிட்டான்! வச்சுக்கிட்டுச் சொல்றான், 'உனக்கு நீச்சல் தெரியும், இதுக்குத் தெரியாதே!'"

காதுக்குள் ஒரு கூட்டமே வெடித்துச் சிரித்தது.

"இது கட்டுக்கதை இல்லீங்க. அந்த அம்மா இன்னும் இங்கதான் இருக்காங்க. அதோ, பச்சை ஜன்னல், சிவப்புப் பூ. எங்க, எல்லாரும் ஒரு தடவ கை காட்டுங்க பாப்போம்! இருந்தா அவங்களும் கை காட்டுவாங்க. ரொம்ப நல்லவங்க."

ட்ரௌடி கருவியை டுவேனிடம் திருப்பிக் கொடுத்தாள். "நல்ல கதை" என்றாள். பிறகு தன் அலைவரிசையை மாற்றி, அவரவர் கருவியையும் மாற்றச் சொல்லி, மீதிச் சுவரைப் பற்றிச் சொல்லி முடித்தாள். தேவாலயத்துக்கு அழைத்துப் போய், பெரிய ஆர்கன் இசையைக் கேட்க உட்கார வைத்தாள். இசை நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் தூணுக்குப் பின்னால் நின்று, தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கோடைக்காலம் அசைத்த கை.

உண்மையில் நடந்தது இதுதான்.

ரோஸ்வித்தாவின் தாய் ஸென்ஸி அம்மா, ட்ரௌடி குடியிருக்கும் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. பத்து வருடத்துக்கும் முன்னால், கடைசிப் பெருவெள்ளம் ஏறிய நாளில் ரோஸ்வித்தா வியன்னாவில், நகர முடியாமல் நின்றுபோன கப்பலில் மாட்டிக்கொண்டிருந்தாள். ட்ரௌடியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஸென்ஸி அம்மாவைப் போர்வையில் வைத்து மாடிக்குத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் குழந்தைகளைப் பார்க்கப் போய்விட்டார். ட்ரௌடியின் கணவன் கோர்பினியன் ஊர் பித்தளை வாத்தியக் குழுவில் டியூபா ஊதுகிறவன். ஆள் கட்டிப்பிடித்து ஊத வேண்டிய பெரிய வாத்தியம் அது. குழுவுக்குச் சொந்தமானது, பழையது; அவர்கள் வீட்டு மாடியில்தான் இருந்தது. மறுநாள் காலை அவன் தட்டைப் படகில் மற்ற வாத்தியங்களை மீட்டுக்கொண்டு ஜன்னலடிக்கு வந்தான். ஒரு இடம் மிச்சமிருந்தது.

ட்ரௌடி தன்னை ஏற்றச் சொல்லவில்லை. "ஸென்ஸி அம்மாவ இறக்குறேன், வாங்கிக்க. காய்ச்சல் அடிக்குது. நான் இருந்துக்கிறேன்" என்றுதான் சொன்னாள். அவன் படுக்கையைப் பார்த்தான். டியூபாவைப் பார்த்தான். படுத்துக் கிடக்கிற ஆளை இறக்குவது ஆபத்து, நேரமாகும், திரும்பி வருகிறேன் என்றான். டியூபாவை எடுத்தான். அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நீச்சல் பற்றிய அந்தப் பகிடியைச் சொன்னான். அவன் திரும்பி வரவில்லை. தீயணைப்புக்காரர்கள்தான் வந்து ஸென்ஸி அம்மாவை ஏணியில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மா ஆறேழு வருடம் இருந்து, படுக்கையிலேயே நிம்மதியாகப் போனார். கோர்பினியன் பக்கத்து ஊரான வில்ஸ்ஹோஃபெனில் அண்ணன் வீட்டுக்குப் போனவன் போனவன்தான்.

சேறு வாரிய நாட்களில் ஒரு மாலை, ட்ரௌடியும் ரோஸ்வித்தாவும் பிளம் சாராயம் குடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ட்ரௌடி டியூபா விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பிறகு ட்ரௌடி அழுதாள். ஆனால் இரண்டு விஷயங்களை அவள் சொல்லவில்லை. அந்த இடத்தை ஸென்ஸி அம்மாவுக்காகக் கேட்டதைச் சொல்லவில்லை; தான் ஊரில் இல்லாத நாளில் தன் தாய்க்கு இடமில்லை என்று ஒருவன் போனான் என்பது ரோஸ்வித்தாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். நீச்சல் பகிடியையும் சொல்லவில்லை. அதை வாயால் சொல்லவே அவளால் முடியவில்லை.

அந்த வாக்கியம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இப்போது அது ரோஸ்வித்தாவின் மைக்கில் வந்தது.

பயணிகளைக் காபி குடிக்க அவிழ்த்துவிட்டதும், இரண்டு தோழிகளும் எப்போதும் உட்காரும் பலகை கப்பல் துறையில் உண்டு. ரோஸ்வித்தா ஏற்கெனவே வந்து, இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ட்ரௌடிக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள், கடுகு அதிகமாகப் போட்டு, அவளுக்குப் பிடித்த மாதிரி.

"வாடி. ஏன் தேவாலயத்துப் பூனை மாதிரி முழிக்கிற? ஆறிப்போகுது, சாப்பிடு."

"உன் கூட்டமும் நாலு, என் கூட்டமும் நாலு" என்றாள் ட்ரௌடி.

ரோஸ்வித்தாவின் வாய் அசைவது நின்றது.

"கேட்டுட்டியா?"

"கேட்டேன். கை காட்டச் சொன்னது வரைக்கும்."

"ட்ரௌடி, இங்க பாரு, நான் உன் பேரச் சொல்லல. ஒரு நாளும் சொன்னதில்ல. அவங்க யாரு, நாம யாரு? சாயங்காலம் கப்பல் ஏறுனா நாளைக்கு வேற ஊரு. அவங்களுக்கு உன்ன எவ்ளோ பிடிக்குது தெரியுமா? நீயே சொன்னியே, கை காட்டுறாங்கன்னு சந்தோஷமா..."

"அதான் கேக்குறேன். நான் அப்படிச் சொன்னப்ப நீ என்ன சொன்ன? பூவப் பாத்துன்னு சொன்ன."

"நீயும்தானே சிரிச்ச? அன்னிக்குப் படிக்கட்டுல, மூக்குல சாராயம் ஏறுற அளவுக்குச் சிரிச்சியே!"

"சிரிச்சேன். உன்கூட உக்காந்து சிரிச்சேன். இப்ப உன் கூட்டம் ஜன்னலுக்குக் கீழ நின்னு சிரிக்குது. ரெண்டும் ஒண்ணாடி?"

கப்பலில் யாரோ வாளியால் தளத்தைக் கழுவிவிட்டார்கள்; அழுக்குத் தண்ணீர் நதியில் விழுந்தது.

"நீச்சல் தெரியும்னு அவன் சொன்னத நான் உனக்குச் சொல்லல" என்றாள் ட்ரௌடி. "யாருக்கும் சொல்லல. உனக்கு யாரு சொன்னா?"

ரோஸ்வித்தா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றியதைப் பிரித்தாள். திரும்பவும் சுற்றினாள்.

"அவன் தனியா இருக்கான் ட்ரௌடி. போன வருசம் இலையுதிர் காலத்துல சந்தையில பாத்தேன். ஒரு காபி குடிச்சோம். அப்புறம்... ஞாயித்துக்கிழமைல வருவான். உன்கிட்டச் சொல்லணும்னு எத்தனையோ தடவ வாயெடுத்தேன்."

"ரெண்டு கோடையா என் கதைய விக்கிற. போன வருசத்துலேர்ந்து அவன வீட்ல வச்சிருக்க."

"விக்கல! அப்படிச் சொல்லாத. இப்பல்லாம் அவன் சொன்ன மாதிரிதான் சொல்றேன். அவனும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். 'என்னக் கூட்டிட்டுப் போன்னு கெஞ்சுனா, எனக்கு வேற வழி தெரியல'ன்னான். அவனுக்கும் வருத்தம் இருக்குடி."

ட்ரௌடி அதுவரை எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். இத்தனை வருடம் காப்பாற்றிய ரகசியத்தை இனியும் காப்பாற்றிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். 'கெஞ்சுனா' என்ற சொல்தான் அவளை உட்கார வைத்தது.

"நான் கெஞ்சுனேன், சரிதான். எனக்காக இல்ல. உங்கம்மாவ ஏத்திக்கச் சொல்லிக் கெஞ்சுனேன். அந்த இடம் உங்கம்மாவுக்குக் கேட்ட இடம். அதுலதான் டியூபா போச்சு."

"பொய்."

"ஞாயித்துக்கிழம வருவான்ல, கேளு."

"எங்கம்மா ஒரு நாளும் சொல்லலையே!"

"காய்ச்சல்ல கெடந்தாங்க. எதுவும் தெரியாது. நானும் சொல்லல. நீ ஊர்ல இல்லாதத நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்த. இதையும் எதுக்குச் சேத்துக் குடுக்கணும்னு விட்டுட்டேன்."

ரோஸ்வித்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கூட்டத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்து, "அம்மா! உங்க டியூபா கதைய என் தங்கச்சிக்குப் போன்ல சொன்னேன், அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா! இந்த ஊரு பேர எப்படி எழுதணும்?" என்றாள்.

ரோஸ்வித்தா அந்தப் பெண்ணுக்கு ஊரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பழக்கதோஷத்தில் புன்னகையும் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ட்ரௌடி எழுந்தாள். ரொட்டியைப் பலகையிலேயே விட்டுவிட்டு, தன் லாலிபாப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்வித்தா அவனிடம் கேட்டாளா, அவன் என்ன சொன்னான் என்பது ட்ரௌடிக்குத் தெரியாது. ரோஸ்வித்தா வந்து சொல்லவுமில்லை. அவள் அந்தக் கதையை நிறுத்திவிட்டாள் என்று மற்ற வழிகாட்டிகள் சொன்னார்கள். கோர்பினியனின் கார் மட்டும் இன்னும் ஞாயிறுகளில் ரோஸ்வித்தா வீட்டு முன்னால் நிற்கிறது. துறையில் எதிரெதிரே வந்தால் ரோஸ்வித்தா விரலை விரித்து அலைவரிசையைக் காட்டுகிறாள், ட்ரௌடியும் காட்டுகிறாள். அதைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை.

ஆனால் கதை நிற்கவில்லை. அதை ரோஸ்வித்தாவிடம் கேட்ட இளம் வழிகாட்டிகள் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கப்பலின் மாலை நிகழ்ச்சியில் நடித்தே காட்டுகிறார்களாம். ட்ரௌடி பூத்தொட்டிகளை உள்ளே எடுத்துவிட்டாள், பச்சைக் கதவைச் சாத்தினாள். அப்போதும் கீழே கை காட்டினார்கள். மூடிய கதவைக் காட்டி, "பாவம், இன்னும் கோபம் தீரல" என்று ஒரு புது வழிகாட்டிப் பெண் சொன்னது அவளுக்கு உள்ளேயிருந்தே கேட்டது. கதை கதவையும் விழுங்கிக்கொண்டது. அவள் போய் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னாள். "ஐயோ, மன்னிச்சிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள் அந்தப் பெண். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா படுக்கையில ஒரு அம்மா இருந்தாங்கன்னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்களே" என்றாள்.

அந்த வாரம்தான் ட்ரௌடி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இப்போது யோசித்தால், போன கதையைத் திரும்ப வாங்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. அது எந்த நாட்டில், எந்தச் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறதோ! அதன் பின்னாலேயே நடந்ததையும் அனுப்பி வைக்கலாம், அவ்வளவுதான். எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரோட எழுது" என்றாள். "ஸென்ஸி அம்மா பேரையும் போடு."

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொண்டாட்டியை விட்டுவிட்டு டியூபாவைத் தூக்கிக்கொண்டு போனவன் கதையை எங்காவது யாராவது சொல்லிச் சிரித்தால், அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, படுக்கையில் காய்ச்சலோடு கிடந்த ஸென்ஸி அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஜன்னலில் நின்றவள் யாருக்காகக் கேட்டாள் என்பதையும் சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னும் நான்கு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.